இருநூறில் நிற்கவேண்டிய காற்று

எங்கள் தீவில் எதுவும் நேரத்துக்கு நடப்பதில்லை. ஏழரை மணி பஸ் எட்டேகாலுக்கு வரும். மாதா கோயில் சுவாமியார் ஆறு மணிப் பூசையை ஆறே காலுக்கு முன் தொடங்கியதாக எனக்கு நினைவில்லை. நீங்களும் என்னைப் பத்து மணிக்கு விசாரிப்பதாகச் சொல்லிவிட்டுப் பன்னிரண்டரைக்குத்தான் வந்தீர்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஐயா. வெயில் அப்படி, றோட்டு அப்படி. எனக்குத்தான் பிறவியிலேயே பொறுமை குறைவு.

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைப்பதைவிட நானே தமிழில் எழுதித் தருகிறேன் என்றேன். தாளும் பேனையும் தந்தீர்கள், நன்றி. எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விடயத்தில் பிழை இருக்காது.

என் பெயர் அமலதாஸ். வயது நாற்பத்திரண்டு. ஊர்காவற்றுறையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன், ஆனால் கடல் எனக்கு ஒத்துவரவில்லை. கட்டாரில் பதினொரு வருடம் ஒரு குளிரூட்டும் ஆலையில் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைப் பராமரித்தேன். திரும்பி வரும்போது அங்கே கழித்துவிட்ட ஒரு பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். சவர்க்காரப் பெட்டி அளவுதான் இருக்கும். அதில் ஓடுவது நிகழ்நேர இயங்குதளம்.

அதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. உங்கள் கைபேசி எல்லா வேலைக்கும் கொஞ்சம் கொஞ்சம் நேரம் கொடுத்து எல்லாரையும் சமாளித்துப் போகும். இது சமாளிக்காது. ஒவ்வொரு வேலைக்கும் ஓர் இலக்கம் கொடுப்பேன். மேல் இலக்கக்காரன் எழும்பினால் கீழே உள்ளவன் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஒதுங்கவேண்டும். மேலே உள்ளவன் முடித்துவிட்டுப் போகும்வரை கீழே உள்ளவனுக்கு ஒரு கணமும் கிடையாது. குறிகாட்டுவான் துறையில் நெடுந்தீவிலிருந்து நோயாளியை இறக்கும்போது சனம் விலகி வழிவிடுமே, அப்படித்தான். எது முக்கியம் என்று முதலே முடிவெடுத்துவிட வேண்டும். மனிதர்களுக்கும் இது இருந்தால் நல்லது என்று நான் பல தடவை நினைத்திருக்கிறேன்.

அந்தப் பெட்டியில் என் சொந்த இணையப் பக்கத்தை ஓட்டினேன். வெளிநாட்டு நிறுவனம் எதனிடமும் போகவில்லை. ஒரு பெட்டி, ஒரு சிம் போட்ட றவுட்டர், அவ்வளவுதான் என் சேர்வர். காற்று எந்தப் பக்கம், கடல் எப்படி, யார் வீட்டில் செத்த வீடு, கோயில் பெருநாளில் எடுத்த படங்கள் எல்லாம் அதில் இருக்கும். எங்கள் புங்குடுதீவை விட்டுப் போய் முப்பது வருடமான ஆட்கள் ரொறன்ரோவில் பல்லுத் தீட்டமுதல் என் பக்கத்தைப் பார்ப்பார்களாம். ஒருவர் எழுதியிருந்தார், பெரிய பத்திரிகைகளின் பக்கத்தைவிட உங்களுடையது கெதியாகத் திறக்கிறது என்று. அந்தக் கடிதத்தை அச்சடித்து அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறேன். தேடுதலில் உங்கள் ஆட்கள் பார்த்திருப்பார்கள்.

யாகப்பு அண்ணை, இறந்துபோனவர், சுழியோடிகளுக்கு சிலிண்டரில் காற்று அடித்துக் கொடுப்பவர். கடலட்டை பிடிக்கிறவர்கள் எல்லாரும் அவருடைய கொட்டிலுக்குத்தான் வருவார்கள். அங்கே காற்றை அழுத்தி ஏற்றுகிற ஒரு கொம்பிறெசர், அதை ஓட்ட ஒரு டீசல் எஞ்சின், பெரிய பற்றரி. பற்றரி இருந்தபடியால் என் பெட்டியையும் அங்கே சுவரில் பூட்டினேன். கைம்மாறாக அவருக்கு இரண்டு வேலை செய்து கொடுத்தேன். அழுத்தம் இருநூறுக்கு வந்தால் பெட்டி கொம்பிறெசரை நிறுத்தும். உள்ளே இழுக்கிற காற்றில் எஞ்சின் புகை கலந்தாலும் நிறுத்தும். அந்த இரண்டு அளவையும் பக்கமும் தானே வாசித்து இலக்கமாகக் காட்டும், யாருடைய சிலிண்டர் ஏறுகிறது என்று பெயரும் தெரியும்.

கொம்பிறெசரில் ஒரு பாதுகாப்பு வால்வும் இருந்தது. அது நூற்றெண்பதிலேயே சீறத் தொடங்கும். அரைக்காற்றோடு கடலில் இறங்க எங்கள் ஆட்களுக்கு விருப்பமில்லை, ஆகவே பல வருடத்துக்கு முன்பே அதை இறுக்கி மூடிவிட்டார்கள். பெட்டி இருக்கிறதே என்று எல்லாருக்கும் நம்பிக்கை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பெருநாளுக்குக் கொடி ஏறினால் ஒன்பது நாள் ஒருவரும் சுழியோட மாட்டார்கள். பெருநாளுக்கு அடுத்த காலை சுவாமியார் கரைக்கு வந்து தீர்த்தம் தெளித்த பிறகு எல்லாப் படகும் ஒன்றாக வெளிக்கிடும். ஒருவனுடைய சிலிண்டர் நிரம்பவில்லையென்றால் அவ்வளவு பேரும் கரையில் நிற்பார்கள். முந்திப் போகிறவனுக்கு அந்த வருடம் கடல் கொடுக்காது என்பது இவர்கள் நம்பிக்கை. அதனால் அந்தக் காலை ஊர் முழுவதும் கைபேசியும் கையுமாக என் பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். இன்னும் எத்தனை பேருக்கு அடிக்க இருக்கிறது, இப்போது எவ்வளவு ஏறிவிட்டது என்று அழுத்திக்கொண்டேயிருப்பார்கள்.

போன வருடம் அப்படியொரு காலையில்தான் என் தம்பி டிலோன் போனான்.

என்னைவிட ஒன்பது வயது இளையவன். நான் தூக்கி வளர்த்தேன் என்றெல்லாம் எழுதமாட்டேன், நான் கட்டாரில் இருந்தேன். நல்ல சுழியோடி, வாயாடி, என் பெட்டியைக் கண்டால் “அண்ணை, உன்ர பெஞ்சாதி சுகமோ?” என்று கேட்பான். உண்மையான மனைவி இல்லாதவனிடம் கேட்கிற பகிடி அது. நான் கோபித்ததில்லை. அவனுக்கும் றஞ்சனிக்கும் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அன்றைக்குக் காற்றுத் திரும்பி, எஞ்சின் புகை கொம்பிறெசரின் குழாய்க்குள் போய்விட்டது. அந்தப் புகை ஏறிய சிலிண்டரோடு டிலோன் எட்டுப் பாகம், ஐம்பது அடிக்குக் கிட்ட, ஆழத்தில் இறங்கினான். கயிற்றில் இழுத்தபோது மூக்காலும் வாயாலும் இரத்தம். முகம் மட்டும் நல்ல சிவப்பாக, வெயிலில் விளையாடிவிட்டு வந்த பிள்ளை போல. விசாரணையில் நீரில் மூழ்கிய மரணம் என்று எழுதினார்கள். ஊர் அப்படி எழுதவில்லை. யாகப்புவின் காற்று கொன்றுவிட்டது என்றது. நானும் அதைத்தான் சொன்னேன். அவருடைய குழாய், அவருடைய எஞ்சின், அவருடைய காற்று.

அவர் மறுத்துப் பேசவில்லை. சவப்பெட்டி தூக்கும்போது முன்பக்கம் தோள் கொடுத்தார். அதற்குப் பிறகு பல மாதம் என்னோடு அதிகம் கதைக்கவில்லை. தபசு காலத்தில், அந்த நாற்பது நாள் நோன்பில், ஒருநாள் பின்னேரம் வீட்டுக்கு வந்து, குசினிக் கதவடியில் கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு இருந்தார்.

“தம்பி, அந்தப் புகை பார்க்கிற சாமானை யாழ்ப்பாணத்தில குடுத்துச் சோதிச்சனான். அது நல்லாத்தான் வேலை செய்யுது” என்றார்.

“அப்ப என்ன அண்ணை?”

“சனம் உம்மட பக்கத்தைப் பார்க்கேக்க பெட்டி புகைக்கு நிப்பாட்டுதில்லை. வீட்டில கிடந்த போன் எல்லாத்தையும் வாங்கி, ஒண்டாத் திறந்து, எஞ்சின் புகையைக் காட்டிப் பார்த்தனான். கொம்பிறெசர் நிக்கேல்லை. போன் எல்லாத்தையும் மூடினாப் பிறகு நிண்டுது. பத்துத்தரம் செய்து பார்த்தனான் தம்பி.”

“குழாயை எஞ்சினுக்குப் பக்கத்தில வைச்சது ஆர்?”

“நான்தான். அதை நான் சுவாமியாரிட்டையும் சொல்லிப்போட்டன், றஞ்சனியிட்டையும் சொல்லிப்போட்டன். உம்மட பங்கை நீர் சொல்லும். நான் சொன்னா அது கோள். நீர் சொன்னாத்தான் அது சரி.”

அவர் எழும்பும்போது, “வாற பெருநாள் முடியுமட்டும் பார்ப்பன். அதுக்குப் பிறகும் அந்தப் பிள்ளை றஞ்சனியின்ர முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு ஏலாது” என்றார்.

அவருடைய நிதானத்தைக் கவனியுங்கள், ஐயா. சத்தம் போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அறுபத்தாறு வயது மனிதர், எஞ்சின் எண்ணெய்க் கையோடு கைபேசிகளை வரிசையாக அடுக்கி வைத்து என் வேலையில் பிழை கண்டுபிடித்திருக்கிறார். அதோடு என்னை மன்னித்தும்விட்டார். அந்த இரண்டாவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்றிலிருந்து அவர் பெட்டியை நம்புவதை விட்டுவிட்டார். காற்று ஏறும்போது சுவிச்சில் கை வைத்துக்கொண்டு, அழுத்தமானியைப் பார்த்தபடியே இருப்பார். இருநூறு வந்ததும் தானே நிறுத்துவார். நான் ஆறுதலாக யோசித்தேன். அவர் சொல்வது பொய் என்றால் பெட்டி இருநூறில் தானாகவே நிறுத்தும், அவருக்கு ஒரு தீங்கும் வராது. அவர் சொல்வது உண்மை என்றால் அதன் பலனை அவர் பார்க்கட்டும். இதைவிட நியாயமான சோதனை இருக்கிறதா? ஊரில் பழி வாங்குகிறவர்கள் கத்தியோடு போவார்கள். நான் அவர் வாய்ச்சொல்லையே அவர் பக்கத்தில் வைத்தேன்.

இந்த வருடப் பெருநாளுக்கு அடுத்த காலை ஆறரை மணிக்குக் கொட்டிலுக்குப் போனேன். அவர் கொம்பிறெசருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னது இரண்டே இரண்டு வசனம்.

“அண்ணை, நான் பெட்டியைத் திருத்திப்போட்டன். றஞ்சனிக்கும் எல்லாம் சொல்லிப்போட்டன்.”

அவர் எண்ணெய்ப் போத்தலைக் கீழே வைத்தார். என்னைக் கட்டிப்பிடித்தார். அவருடைய தாடி என் கழுத்தில் குத்தியது, அழுதார். “இனி எனக்குப் பாரமில்லை, சுவிச்சையும் பெட்டியே பார்க்கட்டும்” என்றார். பெட்டியைப் பார்த்துக் கும்பிடாத குறை. நான் அவருடைய முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு வசனமும் பொய். அன்றைக்கு நான் செய்த வேலை என்றால் அது மட்டும்தான்.

பிறகு கோயில் வளவுக்கு வந்து வேப்பமரத்தடியில் இருந்து, முந்தின நாள் மாதாவின் சுருவம் தேரில் சுற்றி வந்த படங்கள் நாற்பத்தாறைப் பக்கத்தில் ஏற்றினேன். ரொறன்ரோவும் பாரிசும் வரத் தொடங்கின. கரையில் படகுகள் நின்றன. எட்டு மணிக்கு நூற்றிருபது பேர் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியாக நின்றது சுழியோடி டெனிஸ்ரனின் சிலிண்டர். மன்னாரில் யாரிடமோ வாங்கிய பழைய இரும்பு, அடிப்பக்கம் உப்புத் தின்றது. அவனும் அது நிரம்பியவுடன் தூக்கிக்கொண்டு ஓடுவதற்காகக் கொட்டில் வாசலில் நின்றிருக்கிறான். அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்காதீர்கள், இல்லாத கேள்விக்குப் பதில் எழுதுவது என் வழக்கமில்லை.

இருநூறு வந்தது. நிற்கவில்லை.

இருநூற்றுப் பத்து. இருநூற்றிருபது. அப்போது யாகப்பு அண்ணையின் மனைவி மரியநாயகி அக்கா எனக்கு அழைப்பு எடுத்தார். கோயில் குசினியில் பெருநாள் கிடாரங்களைக் கழுவிக்கொண்டிருந்தவர். எனக்கும் அவருக்கும் இடையில் ஒரு சுவர்தான் இருந்தது. அவருக்கு அது தெரியாது.

“தம்பி, இவர் போன் எடுக்கிறாரில்லை. உங்கட பக்கத்தில இருநூற்றி முப்பது எண்டு நிக்குது. இருநூறில நிக்கவேணுமல்லோ?”

“அது பழைய கணக்கக்கா. சில நேரம் பிந்திக் காட்டும். விடாமத் திருப்பித் திருப்பி அழுத்துங்கோ, சரியாப் போகும்” என்றேன்.

“ஓம் தம்பி” என்றார். அழுத்தியிருக்கிறார். எத்தனை தடவை என்று பெட்டியின் பதிவில் இருக்கும், நான் பார்க்கவில்லை.

இருநூற்று எழுபத்தொன்று என்பதுதான் பக்கம் கடைசியாகக் காட்டிய இலக்கம். பிறகு சத்தம் கேட்டது. கோயில் மணி தானாக ஒருமுறை அசைந்தது. சிலிண்டரின் மேற்பாதி தகரக் கூரையைப் பிய்த்துக்கொண்டு போய், நூறு யார் தூரம் தள்ளி ஆடு கட்டியிருந்த வெளியில் விழுந்தது. ஓர் ஆடு செத்தது. கீழ்ப்பாதி பக்கவாட்டில் திரும்பியிருந்தது.

முதல் ஆளாக ஓடிப்போனவன் நான். டெனிஸ்ரனுக்கு இரண்டு முழங்காலும் இல்லை, தன் கால் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தான். யாகப்பு அண்ணை தண்ணீர் பிடித்து வைக்கிற பரலுக்கும் சுவருக்கும் இடையில் கிடந்தார். வலது கை தோளோடு போய்விட்டது. வயிறு திறந்திருந்தது. தாடியெல்லாம் இரத்தமும் எண்ணெயும். ஆனால் கண் திறந்திருந்தது, வாயும் வேலை செய்தது. இதை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

சனம் ஓடி வந்தது. றஞ்சனியும் வந்தாள். அவர் அவளைக் கண்டுகொண்டார். உதட்டை அசைத்து, “பிள்ளை…” என்றார்.

நான் அவருடைய தலையைத் தூக்கி என் மடியில் வைத்தேன். தோளில் கிடந்த துவாய்த் துண்டை எடுத்து அவர் வாயில் வைத்து அழுத்தினேன். இரத்தத்தை நிறுத்துகிறேன் என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னேன். இரத்தம் வயிற்றிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது, ஒருவரும் அதை யோசிக்கவில்லை. அவருக்கு மிஞ்சியிருந்த கை என் மணிக்கட்டைப் பிடித்தது. நல்ல பலமான மனிதர். நீங்கள் முதல்நாள் பார்த்துக் கேட்ட நகக்கீறல் அதுதான். நான் அவருடைய கண்ணைப் பார்த்தபடி துவாயை எடுக்காமல் வைத்திருந்தேன். பதினொரு நிமிடம். எனக்குப் பொறுமை குறைவு என்று எழுதினேன், அன்றைக்கு அது இருந்தது. மரியநாயகி அக்கா வந்தபோது கையில் கைபேசி இருந்தது. அதில் பூச்சியம் என்று காட்டிக்கொண்டிருந்தது. அவர் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தார்.

அந்த அழைப்பைப் பற்றி அவர் சொன்ன பிறகுதான் நீங்கள் என்னைக் கூட்டிவந்தீர்கள். ஊரில் கதை பரவிவிட்டது, தம்பியின் சாவுக்கு அமலதாஸ் பழி தீர்த்துவிட்டான் என்று. முந்தநாள் றஞ்சனி சோறு கொண்டுவந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, “நீங்கள் செய்தது பாவம்தான் அத்தான். எண்டாலும் அவருக்காகச் செய்தனீங்கள். சாகுமட்டும் மறக்கமாட்டன்” என்றாள். திரளிமீன் குழம்பு. முழுவதையும் சாப்பிட்டேன். பழி என்றுதான் நானும் இந்தத் தாளில் எழுதத் தொடங்கினேன்.

ஆனால் நேற்று நீங்கள் வந்து, பெட்டியைச் சோதித்த நிபுணரின் அறிக்கையைச் சொன்னீர்கள். இது கொலையாக இருக்க முடியாதாம். இணையப் பக்கத்துக்குக் கொடுத்த இலக்கம் மற்ற இரண்டு வேலைக்கும் மேலே இருப்பதால் வந்த கோளாறாம். அந்த இலக்கத்தைக் கடைசியாக மாற்றிய திகதி போன வருடப் பெருநாளுக்கு எட்டு நாள் முன்னதாக இருக்கிறதாம். யாகப்புவைக் கொல்ல நீ ஒன்றையும் மாற்றவில்லையே, விபத்து என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றீர்கள்.

ஐயா, விபத்து என்று எழுத வேண்டாம். எழுதினால் அந்தத் திகதியையும் எழுதவேண்டி வரும். றஞ்சனி அதைப் படிப்பாள், படித்துவிட்டு விரல்விட்டு எண்ணுவாள். கொலை என்று எழுதுங்கள். நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன், தூக்குத் தண்டனை என்றாலும் சரி.

கொலைதான் என்று நேற்று வாயால் சொன்னதற்கு நீங்கள், ஒன்றையும் மாற்றவில்லை என்றால் அது இருநூறில் நிற்காது என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். சோதித்துப் பார்த்தேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். அதை வெட்டிவிடுங்கள். நிற்காது என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. எப்படித் தெரியும் என்பதை எழுதுகிறேன், இந்த ஒரு தாளை மட்டும் அவளுக்குக் காட்டாதீர்கள்.

பக்கம் பிந்தித் திறக்கிறது என்று ரொறன்ரோவில் நாலு பேர் குறை சொன்னார்கள். அதனால் பக்கத்தின் இலக்கத்தை மற்ற இரண்டுக்கும் மேலே ஏற்றினேன். ஒன்பது நாள் கழித்து, போன வருடத்து அந்தக் காலை, வீட்டு வாசலில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு பக்கத்தைப் பார்த்தேன். நூற்று நாற்பது பேர் வந்திருந்தார்கள். கொட்டிலில் டிலோனின் சிலிண்டர் ஏறிக்கொண்டிருந்தது, அவன் பெயர் திரையில் இருந்தது. புகையின் இலக்கம் எல்லையைத் தாண்டிச் சிவப்பானது. கொம்பிறெசர் நிற்கவில்லை. ஓர் அழைப்பு எடுத்திருந்தால் போதும். எடுத்தால் அத்தனை பேர் பார்த்திருக்க என் பக்கத்தில் பிழை என்று ஆகிவிடும். கொஞ்சப் புகைதானே, ஒன்றும் செய்யாது என்று நினைத்துக்கொண்டேன்.

கரைக்குப் போகிற பாதை எங்கள் வாசலால்தான் போகிறது. டிலோன் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான், என்னைக் கண்டு கையைக் காட்டினான், நானும் காட்டினேன்.